புதன்கிழமை கசினோ பஸ்

பெப்ரவரி 5, 2025, புதன்

ஐம்பத்திரண்டு சீட் பஸ்ஸில் முப்பத்தெட்டுப் பேர். பதினொரு வருடத்தில் பனி கொட்டிய நாளில்கூட நாற்பதுக்குக் கீழே போனதில்லை.

காப்புறுதி முகவர் ஓசியில் தந்த இந்த டயரியை இதுவரை டீசல் கணக்குக்குத்தான் வைத்திருந்தேன். இன்றிலிருந்து நடப்பதையும் எழுதுகிறேன். பஸ் விழுமென்றால் எந்த இடத்தில் விழுந்தது என்று பிறகு பார்க்க உதவும்.

என் தொழில் லேசானது, பஸ்ஸை ஓட்டுவது சாரதி ஜிம்மி. ஸ்காபரோவில் தமிழ்க்கடை வாசலில் காலை ஏழரைக்குப் பாதி ஆட்களை ஏற்றுவேன், சீனக்கடை வாசலில் எட்டுக்கு மீதியை ஏற்றுவேன். பாலத்தைத் தாண்டி அமெரிக்கப் பக்கம் இருக்கிற சில்வர் ஹெரன் கசினோவில் இறக்கிவிட்டு, ஐந்து மணித்தியாலம் கழித்துத் திரும்பக் கொண்டுவருவேன். டிக்கெட் பத்து டொலர். அது டீசலுக்கும் காணாது. தலைக்கு இவ்வளவு என்று கசினோ எனக்குத் தருவதுதான் வருமானம். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் அவர்கள் பேர் பதிந்த ஓர் அட்டை கொடுப்பார்கள். அதில் மெஷினில் மட்டும் விளையாடக்கூடிய இருபத்தைந்து டொலரும் ஒரு சாப்பாட்டுக் கூப்பனும் இருக்கும். அந்த இருபத்தைந்து முடிந்ததும் சனம் தன் காசைப் போடும் என்பது கசினோவின் நம்பிக்கை. சனமும் அந்த நம்பிக்கையைக் கெடுப்பதில்லை.

இப்போது கனடா, அமெரிக்கா இரண்டு அரசாங்கமும் வரியை வைத்து முட்டிக்கொள்கின்றன. அங்கிருந்து ஒரு பேச்சு, இங்கிருந்து ஒரு பதில். கடைகளில் அமெரிக்கச் சாமானைத் தட்டிலிருந்து இறக்குகிறார்கள். தக்காளி வியாபாரிக்கு அடி விழும் என்று எனக்குத் தெரியும், நானும் ஒரு காலத்தில் தக்காளி விற்றவன். சூதாடுகிறவனுக்கு நாட்டுப்பற்று வரும் என்று மட்டும் எதிர்பார்க்கவில்லை.

வைத்தி மாஸ்ரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பதினொரு வருடத்தில் இரண்டு புதன்தான் தவறவிட்டவர், இரண்டும் நெஞ்சில் ஒப்பரேஷன் செய்த மாதத்தில். இன்று பஸ் வாசல் வரை வந்தார், ஏறவில்லை.

"தில்லை, இனி அந்த நாட்டில நான் ஒரு சதமும் செலவழிக்க மாட்டன்."

"செலவழிக்கிறதெண்டு ஏன் மாஸ்ரர் முடிவு கட்டுறியள்? ஒருநாளைக்கு வெல்லவும் கூடும்தானே."

"பகிடி விடாத. இது மானப் பிரச்சினை."

"அப்ப ஏன் விடிய வெள்ளண இந்தக் குளிருக்க வந்து நிக்கிறியள்?"

"சொல்லிப்போட்டுப் போகத்தான்."

ஒவ்வொரு புதனும் ஏழாம் சீட்டில் வருகிற செல்வமலர், அந்தச் சீட்டுக்கு மேலே சூட்டுக்காற்று வருவதில்லை என்று சொன்னார். நாளைக்குப் பார்க்க வேண்டும்.

பெப்ரவரி 6

சூட்டுக்காற்று எந்தச் சீட்டுக்கும் ஒழுங்காக வரவில்லை. ஏழாம் சீட்டைத் திருத்தியாயிற்று. மற்றவை அடுத்த மாதம்.

பெப்ரவரி 12, புதன்

முப்பத்தொரு பேர். பாலத்தில் ஐம்பது நிமிடம்.

பெப்ரவரி 14

கசினோவில் பஸ்களைக் கவனிக்கிற பிரெண்டா போன் எடுத்தாள். பாலம் தாண்டி வருகிற எல்லா பஸ்ஸிலும் ஆள் குறைகிறதாம். மேலிடம் நெருக்குகிறதாம். "தில்லை, இனி ஆள் எத்தனை என்று பார்க்கமாட்டார்கள், அட்டை எத்தனை ஓடுகிறது என்றுதான் பார்ப்பார்கள்" என்றாள். என் பஸ்ஸின் பட்டியலையும் அனுப்பினாள்.

இரண்டு தரம் படித்தேன். எட்டு மாதமாக ஒரு தடவையும் மெஷினுக்குள் போகாத அட்டைகள் பதினொன்று! ஒவ்வொரு புதனும் பஸ் ஏறி, இரண்டரை மணித்தியாலம் பயணம் செய்து, சும்மா தருகிற காசைக்கூடத் தொடாமல் திரும்புகிறவர்கள். அட்டையை ஆருக்காவது விற்றுவிடுகிறார்களோ என்று முதலில் நினைத்தேன். விற்றால் வாங்கினவன் விளையாடியிருப்பான். இது யாருமே தொடாத அட்டை.

முப்பத்தாறு வருடமாக இந்த நாட்டில் வியாபாரம் செய்கிறேன். கோப்பை கழுவினேன், மரக்கறி வான் ஓட்டினேன், கடை வைத்து மூடினேன். இலவசமாக வருகிறதைத் தொடாத மனிதரை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்.

பட்டியலில் முதல் பெயர் செல்வமலர். ஏழாம் சீட். இன்னொரு விஷயமும் இப்போதுதான் உறைக்கிறது. சாப்பாட்டுக் கூப்பன் உள்ள இடத்துக்கு அவர் ஏன் ஒவ்வொரு கிழமையும் இரண்டு டப்பா சோறு கொண்டுவருகிறார்? எல்லையில் இறைச்சி விடமாட்டார்கள் என்று நான் சொன்ன பிறகு மீனும் கணவாயும்தான். மணத்தில் தெரியும்.

இரண்டு டப்பா. ஒருவர் இரண்டு டப்பா சாப்பிடமாட்டார். விசாரிக்க வேண்டும். தொழில் விஷயம்.

பெப்ரவரி 19, புதன்

இருபத்தொன்பது பேர். வழக்கமாக நான் பஸ்ஸிலேயே தூங்குவேன். இன்று உள்ளே போனேன்.

செல்வமலர் மெஷின்கள் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே சாப்பாட்டு மண்டபம். மூலை மேசையில் ஓர் ஆண் எழுந்து நின்றான். நான் வாசலில் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு தூணுக்குப் பக்கத்தில் இருந்தேன். முப்பது வயதுக்குள் ஒரு பெடியன், அச்சில் வார்த்த மாதிரி அவருடைய முகம். மகன்தான். மனம் கொஞ்சம் லேசாயிற்று. ஏன் என்று இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

வியாபாரிக்கு முதலில் கண் போவது காலுக்குத்தான். வாங்குகிறவனா பார்க்கிறவனா என்று சப்பாத்து சொல்லும். அவன் போட்டிருந்தது தொழிற்சாலைச் சப்பாத்து. இடது காலுக்கு மஞ்சள் நாடா, வலது காலுக்குக் கறுப்பு. ஒரு நாடா அறுந்ததும் கையில் கிடைத்ததைப் போட்டிருக்கிறான். அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான். அவர் சாப்பிடாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மற்ற மேசைகளைப் பார்த்தேன். சீனக்கடை வாசலில் ஏறுகிற லாவ் அம்மா ஒரு வயதான சீனருக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி மடியில் யாருடையதோ கைக்குழந்தை. எண்ணினேன். பதினொரு மேசை. ஒவ்வொன்றிலும் என் பஸ்ஸில் வந்தவர் ஒருவர், என் பஸ்ஸில் வராதவர் ஒருவர்.

திரும்பும்போது ஏழாம் சீட்டுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

"மூலை மேசையில ஆர் அந்தப் பெடியன்?"

அவர் பதறவில்லை. "என்ர கடைசி. பார்த்தனீங்களே அண்ணை?"

என்னை அண்ணை என்கிறார். பஸ்காரரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மகன் நாலு வருடத்துக்கு முன் தென்னமெரிக்கா வழியாகக் காடு மேடெல்லாம் நடந்து வந்தவன். அமெரிக்காவில் அகதி வழக்குப் போட்டிருக்கிறான், இன்னும் முடியவில்லை. வெளியே வந்தால் திரும்பப் போக முடியாது, கனடா உள்ளே விடாது. இவரை மூத்த மகள் ஸ்பொன்சரில் இங்கே எடுத்தாள். விசா இல்லாமல் பாலம் தாண்டவிடுகிற கனடாக் குடியுரிமை கிடைத்த அடுத்த கிழமையே என் பஸ்ஸில் ஏறியிருக்கிறார்.

"அவன்ர வீட்டுக்கே போகலாமே?"

"ஒரு அறையில ஆறு பெடியள் அண்ணை. நான் எங்க போய் இருக்கிறது? எனக்குக் கார் ஓடத் தெரியாது. உங்கட பஸ் பத்து டொலர், உள்ளுக்குச் சூடு, கதிரை இருக்கு, ஆரும் எழும்பு எண்டு சொல்ல மாட்டினம். பாலத்தில எங்க போறாய் எண்டு கேட்டா கசினோ எண்டுவன். சிரிச்சுப்போட்டு விட்டுடுவாங்கள். மகனைப் பார்க்கப் போறன் எண்டு சொன்னா, எந்த மகன், எப்ப வந்தவன், என்ன விசா..."

உண்மைதான். சூதாடப் போகிறேன் என்று சொல்பவரிடம் எந்த அதிகாரியும் அடுத்த கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

"இதை நீங்கள் முதலே எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா என்ன செய்திருப்பியள்?"

"டிக்கெட்டைக் கூட்டியிருப்பன்" என்றேன்.

சிரித்தார். முன்பல்லில் ஒன்று கொஞ்சம் முன்னுக்கு நிற்கும்.

பெப்ரவரி 24

யோசித்ததில் வந்த முடிவு: பதினொரு அட்டை ஓடாவிட்டால் கசினோ என் பஸ்ஸை நிறுத்தும். பஸ் நின்றால் அவர்களுக்கும் இடமில்லை, எனக்கும் தொழில் இல்லை. ஆக, அட்டை ஓட வேண்டும். அட்டைக்கு அதை யார் போடுகிறார் என்று தெரியாது. இது சரியா என்றால், சரியில்லை. சரியில்லாதது எல்லாவற்றையும் விட்டிருந்தால் நான் இன்றைக்கும் கோப்பைதான் கழுவிக்கொண்டிருப்பேன்.

பெப்ரவரி 26, புதன்

வைத்தி மாஸ்ரர் வந்துவிட்டார். மூன்று கிழமை நாட்டுப்பற்று.

"உள்ளூர்க் கசினோவுக்குப் போனனான். கோப்பியும் சரியில்ல, மெஷினும் சரியில்ல."

"அப்ப மானப் பிரச்சினை?"

"அது இருக்குது. ஆனா நான் என்ர காசு போடேல்லத்தானே."

பதினொரு பேரிடமும் அட்டைகளைக் கேட்டு வாங்கி, அவரிடமே கொடுத்தேன். முகம் தேர்த்திருவிழாவுக்கு வெளிக்கிட்ட மாதிரி ஆயிற்று.

"தில்லை, இதெல்லாம் அவங்கட காசு. அவங்கட காசை நான் கரைச்சா நட்டம் அவங்களுக்கு. இதுதான் உண்மையான பகிஷ்கரிப்பு!"

மார்ச் 5, புதன்

அட்டை எல்லாம் ஓடியது. பிரெண்டாவுக்குச் சந்தோஷம். "என்ன மந்திரம் செய்தாய்?" என்று கேட்டாள். எங்கள் சனம் மெதுவாகத்தான் பழகும் என்றேன்.

மார்ச் 12, புதன்

எழுதத்தான் வேண்டும்.

பன்னிரண்டரை மணிக்கு மெஷின் பக்கம் மணி அடித்தது. விளக்கு சுழன்றது. மாஸ்ரர் செல்வமலரின் அட்டையைப் போட்டு இழுத்ததில் ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் டொலர் விழுந்திருக்கிறது. பதினொரு வருடமாகத் தன் அட்டையில் ஒரு நாளும் விழாத மனிதருக்கு!

பெரிய தொகை விழுந்தால் மெஷின் பூட்டிக்கொள்ளும். அட்டைக்காரர் அடையாளம் காட்டி வரிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை. அட்டை தோற்கும் என்றே கணக்குப் போட்டேன். வெல்லும் என்று நினைக்கவேயில்லை.

அட்டையில் பெண் பேர், முன்னால் மீசை வைத்த மாஸ்ரர். பதறிப்போய், "என்ர மனிசியின்ர அட்டை, அவ சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறா" என்று சொல்லியிருக்கிறார். உடனே கசினோப் பெண் ஒருத்தியும் காவலாள் ஒருவனும் மாஸ்ரரை முன்னால் விட்டுக்கொண்டு சாப்பாட்டு மண்டபத்துக்கு வந்தார்கள். காவலாளுக்கு நீல உடுப்பு, இடுப்பில் வோக்கிடோக்கி. வாசலிலேயே நின்று அவன் சத்தமாகக் கூப்பிட்டான்: "செல்வமலர்? செல்வமலர்?"

நான் தூணடியில் இருந்தேன். எழுந்து குறுக்கே போக எனக்கு நேரம் இருந்தது. போகவில்லை.

பெடியன் தலை நிமிர்ந்தான். உடுப்புப் போட்ட ஒருவன் தன் தாயின் பேரைச் சொல்லிக்கொண்டு தன் மேசையை நோக்கி வருவதைக் கண்டான். கையைக்கூடத் துடைக்கவில்லை. எழுந்து பக்கத்துக் கதவால் நடந்தான். ஓடவில்லை, நடந்தான். ஓடினால் துரத்துவார்கள் என்று எங்கேயோ படித்தவன் மாதிரி. ஜாக்கெட் கதிரையிலேயே கிடந்தது. வெளியே மைனஸ் ஆறு.

"வாழ்த்துக்கள் அம்மா" என்றாள் கசினோப் பெண்.

மற்ற மேசைகளும் வெறிச்சென்றாகிவிட்டன. லாவ் அம்மாவின் மேசையில் பாதி உரித்த தோடம்பழம்.

மார்ச் 13

டீசல் நிரப்பினேன்.

மார்ச் 19, புதன்

இருபத்திரண்டு பேர். பாலத்தில் எல்லோரையும் இறக்கிப் பைகளைக் கொட்டினார்கள். இரண்டு பேரின் போனைத் திறந்து பார்த்தார்கள். இப்போது எல்லா பஸ்ஸுக்கும் இதுதானாம்.

செல்வமலர் இரண்டு டப்பாவும் அந்த ஜாக்கெட்டும் கொண்டுவந்தார். மூலை மேசையில் ஐந்து மணித்தியாலமும் தனியே இருந்தார். டப்பாக்கள் திறக்காமலே திரும்பி வந்தன.

இறங்கும்போது ஒரு கவரை என் கையில் வைத்தார். விழுந்த காசு.

"இது உங்கட அட்டையால வந்தது அண்ணை."

"அட்டை உங்கட பேரிலதானே."

"எனக்கு வேண்டாம்." குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மார்ச் 26, புதன்

பத்தொன்பது பேர். டப்பா இரண்டும் திரும்பி வந்தன.

ஏப்ரல் 2, புதன்

பதினான்கு பேர். மாஸ்ரர்கூட வரவில்லை. வெட்கமாக இருக்கிறது என்று போனில் சொன்னார். அவர் வாயில் அந்தச் சொல்லை இதற்கு முன் கேட்டதில்லை.

ஏப்ரல் 4

பிரெண்டா போன் எடுத்தாள். பாலம் தாண்டி வருகிற எல்லா பஸ்ஸையும் நிறுத்துகிறார்களாம். அட்டைக் கதை ஒருவருக்கும் தெரியாது. காரணம் ஆள் இல்லாததுதான். பஸ் இல்லாவிட்டால் அவளுக்கும் வேலை இல்லை. "பெரியவர்கள் சண்டை போடுகிறார்கள், போவது நீயும் நானும்" என்றாள். அவளோடு பதினொரு வருடம் பேசியிருக்கிறேன். பிள்ளைகள் எத்தனை என்று இன்றைக்குத்தான் கேட்டேன். மூன்று.

பஸ்ஸை விற்கலாம். வின்ஸர் பக்கம் ஒருவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காசுக் கவரைத் திருப்பிக் கொடுக்க செல்வமலரின் மாடிக் கட்டடத்துக்குப் போனேன். அவர் கீழே வரவேற்பறைக்கு வந்தார். தபால் பெட்டிகளுக்கு முன்னால் நின்று பேசினோம்.

"பெடியன் எப்பிடி?"

"முட்டைப் பண்ணையில வேலை. பாலத்தில இருந்து ரெண்டு மணித்தியாலம் உள்ளுக்க. ஒவ்வொரு நாளும் போன் எடுப்பான். உடுப்புப் போட்டவன் உங்கட பேரைச் சொல்லிக்கொண்டு வந்தவன் அம்மா எண்டு அதையே திரும்பத் திரும்பச் சொல்லுறான். அது பரிசு விழுந்ததடா எண்டா நம்புறானில்ல. எங்களுக்கு எப்பயம்மா பரிசு விழுந்தது எண்டு கேக்கிறான்."

நான் செய்ததை ஒப்புக்கொள்ளத்தான் போனேன் என்று நினைக்கிறேன்.

"அட்டையை வாங்கினது நான்தான்."

"தந்தது நான்தானே" என்றார்.

ஒருவர் வந்து தபால் பெட்டியைத் திறந்து, ஒன்றுமில்லாமல் மூடிவிட்டுப் போனார்.

"ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவோ?"

"லீவுதான். எங்கயும் போறேல்ல. எங்க போனாலும் ஆராவது வந்து பேர் கேட்பினம் எண்டு பயம்."

வழியில் வரும்போது எனக்கு வராத யோசனை அங்கே நின்றபோது வந்தது. பேர் கேட்காத இடம். உள்ளே போக அட்டை வேண்டாத இடம். ஐயர் பேர் நட்சத்திரம் கேட்பார், அதுவும் அர்ச்சனை செய்தால்தான்.

"அவன்ர பக்கம் முருகன் கோயில் ஒண்டு இருக்கு. எனக்குத் தெரியும், ஒருக்கால் அங்க வாழைக்குலை ஏத்தினனான். கசினோவுக்கு வரச் சொல்லாதேங்கோ. கோயிலுக்கு வரச் சொல்லிப் பாருங்கோ."

"அண்ணை, உங்களுக்குக் கோயில் குளம் பிடிக்காதெல்லோ."

அது இவருக்கு எப்படித் தெரியும்? பஸ்ஸில் எப்போதாவது சொல்லியிருப்பேன். அதை நினைவில் வைத்திருக்கிறார்.

"கோயிலை நானே கும்பிடப் போறன்? பஸ் ஓடப் போறன்" என்றேன்.

கவரை வாங்கவில்லை. "பஸ்ஸுக்கு டீசல் அடியுங்கோ" என்றார்.

ஏப்ரல் 11

தமிழ்க்கடை வாசலில் நோட்டீஸ் ஒட்டினேன். மே நாலாம் திகதி ஞாயிறு, முருகன் தரிசனம், மதியம் அன்னதானம், போக வர இருபத்தைந்து டொலர். கசினோ தலைக்குத் தந்தது இனி இல்லை, டிக்கெட்டைக் கூட்டத்தானே வேண்டும்.

மாஸ்ரர் முதல் ஆளாகப் பேர் கொடுத்தார்.

"அமெரிக்காவில ஒரு சதமும் செலவழிக்க மாட்டன் எண்டனீங்கள்?"

"கோயில் முருகன்ர. அதுக்குள்ள அமெரிக்கா எங்க வருது?"

"உண்டியல்ல போடுற காசு?"

"அது மெஷின் மாதிரி இல்லையடாப்பா, விழாது எண்டு தெரிஞ்சுதான் போடுறது."

பின்னேரம் லாவ் அம்மா போன் எடுத்தார். அவருக்கும் எனக்கும் இருக்கிற ஆங்கிலம் ஒரு கையில் எண்ணி முடிக்கலாம்.

"பஸ் அந்தப் பக்கம் போகிறதா?"

"போகிறது. ஆனால் கசினோ இல்லை. கோயில். எங்கள் கோயில்."

"கோயில் நல்லது. சாப்பாடு உண்டா?"

"மரக்கறி."

"என் ஆள் மரக்கறி சாப்பிடுவார்" என்று வைத்துவிட்டார்.

ஏப்ரல் 25

முப்பத்தாறு பேர். அதில் சீனர் ஏழு பேர். வின்ஸர்காரன் மறுபடி கேட்டான். பஸ்ஸில் கொஞ்சம் வேலை இருக்கிறது, பிறகு பார்ப்போம் என்றேன்.

செல்வமலரிடம் மகன் வருவானா என்று கேட்டேன். ஓம் என்றும் சொல்லவில்லையாம், இல்லை என்றும் சொல்லவில்லையாம்.

மே 4, ஞாயிறு

விடிய ஆறு மணிக்கே வெளிக்கிட்டோம். பாலத்தில் ஒரு மணித்தியாலமும் இருபது நிமிடமும். மாஸ்ரரின் திருநீற்றுப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்தார்கள். ஓர் அதிகாரி லாவ் அம்மாவிடம் எங்கே போகிறாய் என்று கேட்டான்.

"முருகன்" என்றார் அவர்.

அதிகாரி என்னைப் பார்த்தான். நான் மேலே பார்த்தேன். கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்தான்.

பதினொன்றரைக்குக் கோயில். எங்கள் ஆட்களின் காலணிகளை வாசல் ஓரத்தில் ஒரே வரிசையாக விடச் சொன்னேன். செல்வமலரின் பையில் அந்த ஜாக்கெட் மடித்து இருந்தது. டப்பா ஒன்றும் இல்லை, கோயிலில் சோறு இருக்கிறதே.

"அண்ணை உள்ளுக்கு வரேல்லையோ?"

"செருப்புக்கு ஆள் வேணும்."

"இங்க ஆர் களவெடுக்கப் போகினம்?"

"எனக்குச் சனத்தைத் தெரியும்" என்றேன்.

பன்னிரண்டு மணிப் பூசை. அவர் இரண்டு தரம் வாசலுக்கு வந்து கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் தரம் வரவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. அன்னதானம் தொடங்கியது. லாவ் அம்மாவின் ஆள் ஒரு மணிக்கு முன்னமே வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். ஒன்றரைக்கு பஸ்ஸடிக்குப் போய், சாரதி ஜிம்மிக்குச் சாப்பாடு கொடுத்தேன். மூன்று மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்று ஞாபகப்படுத்தினான். எனக்கு ஞாபகம் இருக்கிறது என்றேன். எரிந்து விழுந்திருக்கத் தேவையில்லை.

திரும்பி வரும்போது மழை தூறத் தொடங்கியிருந்தது. வரிசையின் கடைசியில், கூரைக்கு வெளியே, ஒரு சோடி தொழிற்சாலைச் சப்பாத்து.

இடதுக்கு மஞ்சள் நாடா. வலதுக்குக் கறுப்பு.

உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. சப்பாத்தை எடுத்து, நனையாத மேல் தட்டில் வைத்தேன். தோல் இன்னும் சூடாக இருந்தது.

பஸ்ஸடிக்கு மறுபடி போனேன்.

"ஜிம்மி, எஞ்சினில் ஏதோ சத்தம் கேட்கிறது. ஐந்து மணிக்கு முன் வெளிக்கிட முடியாது."

அவன் மழைக்குள் இறங்கி, பின்பக்க மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டுப் பார்த்தான். ஒன்றுமில்லையே என்றான்.

"இன்னும் நல்லாப் பார்" என்றேன்.